பழைய பஸ்ஸில் சார்ஜ் ஏறவில்லை: ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு எஸ்டேட் ஆட்களையும், முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டத்தையும் ஏற்றிப் போகும் பழைய லேலண்ட் பஸ் ஒன்றுக்கு நான்தான் வைத்தியம் பார்க்கிறேன். இதுவரை அதில், என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மூன்று மாற்றியாயிற்று. அதில் இரண்டை மாற்றியிருக்கவே வேண்டாம். ஒரு முறை குற்றவாளி டேஷ்போர்டில் இருந்த சின்ன பல்பு. இன்னொரு முறை அதைச் சுற்றவைக்கும் பெல்ட் ஓடுகிற புல்லி. காசு போன எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

கீழே வரும் கணக்கெல்லாம் 24 வோல்ட் வண்டிக்கு, அதாவது 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்த வண்டிக்கு. உங்களுடையது 12 வோல்ட் மினி பஸ் என்றால் வோல்ட்டைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். டைனமோ என்பது ஆல்டர்னேட்டருக்கு முந்தைய பழைய வகை, ஆனால் நம்மூரில் ஆல்டர்னேட்டரையும் டைனமோ என்றே சொல்லிப் பழக்கம். பட்டறையில் அது பரவாயில்லை. கடையில் புல்லி வாங்கும்போது மட்டும் எது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஏன் என்று பின்னால் வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று அளவு

மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். பேட்டரி வயரைக் கழற்றித் தொட்டுப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழைய வித்தையை விட்டுவிடுங்கள். டைனமோ காலத்தில் அது செல்லும். ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரி வயரை எடுத்தால் வோல்ட் ஒரேயடியாக எகிறி, உள்ளே ஏ.சி.யை டி.சி. ஆக்கும் டயோடு போய்விடும்.

முதல் அளவு, காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன். இரண்டு பேட்டரியும் சேர்ந்து 25.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்ல சார்ஜ். 24.4-க்குக் கீழே போனால் பாதிதான் இருக்கிறது. ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகவும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் கதையே வேறு.

இரண்டாவது, ஐடிலிங்கில், விளக்கெல்லாம் அணைத்துவிட்டு. மூன்றாவது, ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்து, ஹெட்லைட், உள்விளக்கு, வைப்பர் எல்லாம் போட்டு. மூன்றாவதில் பேட்டரி முனையில் 27.5 முதல் 28.5 வரை நிற்க வேண்டும். நின்றால் ஆல்டர்னேட்டர் நன்றாகத்தான் சார்ஜ் கொடுக்கிறது, அவசரப்பட்டு அதைக் கழற்றாதீர்கள்.

அறிகுறி: காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, ஆனால் பகலில் ஓடும்போது குறையில்லை

மூன்றாவது அளவு சரியாக வருகிறதா? வந்தால் சார்ஜ் ஏறுகிறது, ராத்திரியில் எங்கோ ஒழுகுகிறது. அல்லது பேட்டரி பிடித்து வைக்கவில்லை.

செலவில்லாத சோதனை முதலில். பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். அதற்குப் பின் இரண்டு நாள் பாருங்கள். பாதி வண்டிகளில் இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லையா? சாவியை எடுத்துவிட்டு, விளக்கெல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் இடையில் 24 வோல்ட் டெஸ்ட் லாம்பை வையுங்கள். பல்பு நன்றாக எரிந்தால் ஒழுக்கு உண்டு. இப்போது ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் தடித்த வயர் போகும் பி பிளஸ் முனையை மட்டும் கழற்றுங்கள். கழற்றின வயர் எதிலும் படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். டெஸ்ட் லாம்ப் அணைந்துவிட்டால் டயோடு ஒன்று கசிகிறது. இதற்கு இன்னொரு சுலபமான சாட்சி: ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். லாம்ப் அணையாவிட்டால் ஆல்டர்னேட்டருக்குச் சம்பந்தமில்லை. ஸ்டீரியோ, படிக்கட்டு விளக்கு, யாரோ எப்போதோ இழுத்த வயர் என்று ஃப்யூஸ் ஃப்யூஸாகக் கழற்றிக்கொண்டே போக வேண்டியதுதான்.

இனி அந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகாத கதை. ஒரு பேட்டரி 12.7, இன்னொன்று 12.1 என்று காட்டும். ஒன்றில் தண்ணீர் அடிக்கடி வற்றும், மற்றது எப்போதும் சோர்ந்தே கிடக்கும். பஸ்ஸில் பாட்டு போட 12 வோல்ட் செட் வாங்கி, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்திருப்பார்கள். போய்ப் பாருங்கள், கட்டாயம் இருக்கும். அந்த வயரை வெட்டிவிட்டு 24-இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வையுங்கள். வீணாய்ப் போன பேட்டரியை மட்டும் மாற்றிப் பழையதோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் கெடும். வலிக்கத்தான் செய்யும், ஜோடியாக மாற்றுங்கள்.

அறிகுறி: சாவி போட்டால் சார்ஜ் லைட் எரியவே இல்லை

என் பணம் போனது இங்கேதான். சாவியைத் திருப்பினால், என்ஜின் ஓடாதபோது, இந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரிந்தால்தான் அதன் வழியே போகும் சிறு மின்சாரம், ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் ரோட்டரை உசுப்பிவிடும். பல்பு போய்விட்டால் ஆல்டர்னேட்டர் தூங்கும். ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால் சில வண்டியில் விழித்துக்கொள்ளும். அதனால்தான் 'சில நாள் ஏறுது, சில நாள் ஏறலை' என்று ஓட்டுநர் சொல்வார், நாமும் நம்ப மாட்டோம்.

என்ஜின் பக்கம் போய், ஆல்டர்னேட்டரில் டி பிளஸ் அல்லது ஐ.என்.டி. என்று போட்ட சிறிய முனையின் வயரைப் பிடுங்கி, சாவி போட்ட நிலையில் பாடியில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் பல்பும் வயரும் நலம், கோளாறு ஆல்டர்னேட்டருக்குள். பெரும்பாலும் ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். விளக்கு எரியாவிட்டால் பல்பு, ஃப்யூஸ், வயர் என்று அந்த வரிசையில் பாருங்கள். சில பழைய பஸ்களில் நெகட்டிவ் பாடியோடு சேர்ந்திருக்காது. அங்கே பாடியில் தொட்டுப் பயனில்லை, பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு வயர் இழுத்து அதில் தொட வேண்டும்.

டேஷ்போர்டை அழகுபடுத்துகிறேன் என்று சார்ஜ் லைட்டுக்கும் எல்இடி போட்டுவிட்டீர்களா? எல்இடி எரியும், ஆனால் அதன் வழியே போகும் மின்சாரம் ரோட்டருக்குப் போதாது. பழைய இழை பல்பையே திரும்பப் போடுங்கள். எங்கள் பஸ்ஸில் நடந்தது இதுதான். புது ஆல்டர்னேட்டர் மாட்டியும் ஏறவில்லை என்றதும்தான் எல்இடி நினைவுக்கு வந்தது.

அறிகுறி: என்ஜின் ஓடும்போதும் சார்ஜ் லைட் அணையவில்லை

பெல்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள். இருந்தால், நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். 10 முதல் 13 மி.மீ. அமுங்கலாம். அதற்கு மேல் தொங்கினால் இறுக்குங்கள்.

பெல்ட் சரி என்றால் டி பிளஸ் முனையின் அந்தச் சிறிய வயரைப் பிடுங்கிவிட்டு விளக்கைப் பாருங்கள். இன்னும் எரிந்தால் வயர் எங்கோ உரசிப் பாடியில் படுகிறது. பானெட் கீல் பக்கம் தேடினால் கிடைக்கும். அணைந்தால் ஆல்டர்னேட்டரின் உள்கோளாறு: பிரஷ், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், டயோடு. பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் ஒரே துண்டாகப் பின்பக்கம் திருகியிருக்கும் வகை என்றால் நீங்களே மாற்றலாம். டயோடு பிளேட் என்றால் ஈயம் உருக்கி ஒட்டுகிற வேலை, ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள்.

விளக்கு முழுதாக எரியாமல் மினுக்கென்று மங்கலாக நின்றால் டயோடு ஒன்று போயிருக்கலாம். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, லோடு போட்டு, பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகம் உறுதி.

அறிகுறி: வேகமாக ஓடினால் சரி, ஐடிலிங்கில் ஹெட்லைட் மங்குகிறது

அடிவாரத்துக்கு மேலே 20 கொண்டை ஊசி வளைவு. நவம்பர் மாதத்தில் பகல் மூன்று மணிக்கே பனி மூடி ஹெட்லைட் போட வேண்டியிருக்கும். மேலே ஏறும் வண்டிக்கு வழிவிட்டு வளைவுக்கு வளைவு நின்று நின்று வருகிறோம், என்ஜின் 550 சுற்றில் முனகிக்கொண்டிருக்கிறது. மே மாதக் கோடை விழாவென்றால் சொல்லவே வேண்டாம், மணிக்கணக்கில் ஊர்கிறோம். சமவெளியில் ஆறு மாதம் தெரியாத கோளாறு மலையில் ஒரே நாளில் தெரிவது இதனால்தான்.

இந்த அறிகுறிக்கு முதல் சந்தேகம், பெல்ட் தளர்வு. மேலே சொன்ன கட்டைவிரல் சோதனை.

இரண்டாவது, வயரில் இழப்பு. ஹெட்லைட் போட்டு, பாதி ஆக்சிலேட்டரில், மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பி பிளஸ்ஸிலும் மறுமுனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ வயர் நுனியில் இருக்கும் லக் கருகியிருக்கிறது. ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையிலும் அப்படியே அளக்கலாம். அங்கே 0.2-ஐத் தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள்.

மூன்றாவது, லோடு கூடிவிட்டது. எங்கள் பஸ் கணக்கு: ஹெட்லைட் 140 வாட், பின்விளக்கும் ஓரவிளக்கும் 60, உள்ளே டியூப்லைட் ஆறு 120, வைப்பர் சுமார் 70, பாட்டு 100. மொத்தம் 490 வாட், 27 வோல்ட்டில் 18 ஆம்பியர். ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியர்தானே, போதுமே என்று தோன்றும். அந்த 35 உச்ச வேகத்தில் வருவது. ஐடிலிங்கில் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. டியூப்லைட்டை எல்இடி ஆக்கினால் நல்ல மிச்சம் (சார்ஜ் லைட்டை அல்ல!).

இவை மூன்றும் இல்லை என்றால் புல்லியைப் பாருங்கள்.

பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிய வண்டிகளில், அல்லது ஒரு வண்டியின் ஆல்டர்னேட்டரை இன்னொன்றுக்கு மாட்டியபோது, பழைய புல்லியையே சுத்தியால் தட்டி ஏற்றியிருப்பார்கள். பெல்ட் அப்படியே பொருந்தும், வேலை சுருக்கமாக முடியும். நானும் அதைத்தான் செய்தேன். இரண்டாவது ஆல்டர்னேட்டரும் மலையில் மங்கியபோது, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லேத் வைத்திருக்கும் பெரியவரிடம் புல்லியைக் கொண்டுபோய், துளை தேய்ந்திருக்கிறதா பாருங்கள் என்றேன். அவர் துளையைப் பார்க்கவே இல்லை. கையில் வாங்கியதும், "ஏந்தம்பி, இது டைனமோ புல்லிங்களே. இத்தாப் பெருசு போட்டா அது எப்படிச் சுத்தும்?" என்றார்.

புல்லிக் கணக்கு

என்ஜின் முனையில் பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியின் விட்டத்தை ஆல்டர்னேட்டர் புல்லியின் விட்டத்தால் வகுத்தால், என்ஜின் ஒரு சுற்று சுற்றும்போது ஆல்டர்னேட்டர் எத்தனை சுற்று சுற்றும் என்று வரும். வெளி விளிம்பை அளக்காதீர்கள், அது ஏமாற்றும். பெல்ட் அதன் கனத்தின் நடுவில்தான் இழுக்கிறது. 17 மி.மீ. அகல பெல்ட், விளிம்போடு சமமாக உட்கார்ந்திருந்தால், இரண்டு புல்லியிலும் வெளி விட்டத்திலிருந்து 8 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது கிராங்க் 198, கழித்தால் 190. பழைய டைனமோ புல்லி 120, கழித்தால் 112. வகுத்தால் 1.7. ஐடிலிங் 550 என்றால் ஆல்டர்னேட்டர் வெறும் 930 சுற்று. பல ஆல்டர்னேட்டர்கள் 1,000 முதல் 1,200 சுற்றுக்கு மேல்தான் கொடுக்கவே தொடங்கும். வளைவில் நிற்கும்போதெல்லாம் எங்கள் ஹெட்லைட் பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது.

வெர்னியர் இல்லையா? இரண்டு புல்லியிலும் சாக்பீஸால் கோடு போட்டு, பேட்டரியைக் கழற்றி, டீசலை நிறுத்தும் ஸ்டாப் லீவரை இழுத்துவைத்து, கிராங்க் நட்டில் பாரைப் போட்டு என்ஜினை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஆல்டர்னேட்டர் கோடு எத்தனை சுற்று வருகிறது, அதற்கு மேல் எவ்வளவு என்று பார்த்தால் போதும். என்ஜினை அமுக்கிச் சுற்ற இரண்டு ஆள் வேண்டும். ஆனால் இதில் கழித்தல் கணக்கு எதுவும் இல்லை.

டீசல் பஸ்ஸுக்கு இரண்டரையிலிருந்து மூன்று வரை இந்த விகிதம் இருந்தால் எனக்குத் திருப்தி. இன்னும் சிறிய புல்லி போட்டால் இன்னும் நல்லதுதானே என்று நினைப்பீர்கள். இரண்டு காரணத்தால் இல்லை. ஒன்று, இறக்கத்தில் இரண்டாவது கியரில் என்ஜின் பிரேக் பிடித்து இறங்கும்போது, சக்கரம் என்ஜினைத் தள்ளும். வேகத்துக்கு வரம்பு வைக்கும் கவர்னர் 2,400-இல் நிறுத்துகிற என்ஜின் அப்போது 2,800 வரை ஓடலாம். விகிதம் 3.2 என்றால் ஆல்டர்னேட்டர் 9,000-ஐத் தொடும். உச்ச வேகம் வகைக்கு வகை மாறும், வாங்கும் கடையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தாண்டினால் ரோட்டர் கம்பிச் சுற்று வெளியே பிதுங்கும். இரண்டு, தடித்த பெல்ட்டைச் சிறு புல்லியில் மடக்கினால் சூடாகி அடிப்பக்கம் வெடிக்கும். புல்லியைத் தழுவும் நீளமும் குறைவதால் மழைத் தண்ணீர் பட்டால் வழுக்கும்.

கடைசியில் வெளி விட்டம் 80-இல் நின்றேன், கழித்தால் 72. விகிதம் 2.64. ஐடிலிங்கில் சுமார் 1,450, கவர்னர் வேகத்தில் 6,300 சொச்சம், இறக்கத்தில் 7,400. கூடவே ஐடிலிங்கை 550-இலிருந்து 600 ஆக்கினேன். இப்போது ஹெட்லைட்டும் உள்விளக்கும் எரியும்போது நின்றாலும் மீட்டர் 26-க்குக் கீழே வருவதில்லை.

அறிகுறி: பெல்ட் கத்துகிறது, கருந்தூள் கொட்டுகிறது, புரண்டு விழுகிறது

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தி அடங்கினால் தளர்வு. தண்ணீர் தெளித்தால் சத்தம் கூடினாலும் பெரும்பாலும் தளர்வே. சோப்புத் தேய்ப்பது, பவுடர் போடுவது, கிரீஸ் தடவுவது எல்லாம் வேண்டாம்.

இறுக்கியும் கத்தினால், புல்லியில் பெல்ட் உட்காரும் பள்ளமான காடியைப் பாருங்கள். பெல்ட் காடியின் இரண்டு பக்கச் சுவரில்தான் பிடிக்க வேண்டும். அடித்தளம் பளபளவென்று மின்னினால் பெல்ட் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது, எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். பெல்ட் தேய்ந்திருக்கலாம், அல்லது காடியின் அளவே வேறாக இருக்கலாம். 13 மி.மீ. பெல்ட்டை 17 மி.மீ. காடியில் போட்டு ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிராங்க், தண்ணீர் பம்ப், ஆல்டர்னேட்டர் மூன்றிலும் காடி ஒரே அளவாக இருக்க வேண்டும். லேத்தில் புதுக் காடி வெட்டச் சொன்னால் கோணத்தையும் சொல்லுங்கள். சிறிய புல்லிக்கு 34 டிகிரி, பெரியதற்கு 38 வரை. பழைய பெல்ட் துண்டு ஒன்றைக் கொடுத்து "இதுக்கு வெட்டுங்க" என்றால் போதாது. பெல்ட்டை மடக்கினால் அதன் அடி உப்பும், நேராக இருக்கும் துண்டை வைத்துப் பார்த்தால் கோணம் தப்பும்.

ஒரே பக்கம் தேய்ந்து தூள் கொட்டினால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. புல்லி மாற்றிய வண்டியில் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் புதுப் புல்லியின் காடி பழையது இருந்த இடத்தில் உட்காராது. கிராங்க் புல்லி முகத்தில் நூலை இழுத்துப் பிடித்து ஆல்டர்னேட்டர் வரை கொண்டுபோங்கள். இரண்டு புல்லியின் விளிம்புக் கனம் வேறு என்றால் முகத்தை நம்பாமல், காடி நடுவிலிருந்து காடி நடுவுக்குப் பாருங்கள். 2 மி.மீ. விலகினாலே பெல்ட் ஆயுள் குறையும். புல்லிக்குப் பின்னால் ஷிம் வளையம் சேர்த்தோ, பிராக்கெட் பக்கம் வாஷர் போட்டோ நேராக்கலாம். பிராக்கெட்டே வளைந்திருந்தால் அதை நிமிர்த்தாதீர்கள், விரிசல் விட்டிருக்கும். புதிது செய்யுங்கள்.

இரட்டைப் பெல்ட் ஓடும் வண்டியில் ஒன்று அறுந்தால் இரண்டையும் மாற்றுங்கள். பழையது நீண்டிருக்கும், புதியது மட்டும் பாரம் சுமக்கும்.

அறிகுறி: பேட்டரி கொதிக்கிறது, பல்பு அடிக்கடி போகிறது

மூன்றாவது அளவில் 29-க்கு மேல் காட்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. வண்டியை அன்றைக்கே நிறுத்துங்கள். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி கூடாது. வோல்ட் 28.5-க்குள் இருந்தும் கொதித்தால் பேட்டரியில் ஒரு செல் ஷார்ட்.

அறிகுறி: கரகர சத்தம், வேகத்தோடு கூடுகிறது

பெல்ட்டைக் கழற்றி ஆல்டர்னேட்டரைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங். பிரஸ் இருக்கும் பட்டறையில் மாற்றலாம், மலிவான வேலைதான். ஆனால் பேரிங் ஏன் போனது? பெல்ட்டை வீணையின் தந்திபோல இறுக்கியிருப்பார்கள். வழுக்கும் காடியை இறுக்கத்தால் சரிக்கட்டப் பார்ப்பதுதான் அதற்குக் காரணம். மேலே காடி பற்றிச் சொன்னதை ஒரு முறை படித்துவிட்டுப் பேரிங் வாங்கப் போங்கள்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால்

பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பின்பக்க வயர்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்டர்னேட்டரின் தகட்டில் 24 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர், நெகட்டிவ் பாடியோடு சேர்ந்ததா தனியா என்று பார்த்து, அதே வகை வாங்குங்கள். 35-க்குப் பதில் 75 போடுகிறீர்கள் என்றால் பி பிளஸ் வயரையும் தடிமனாக்க வேண்டும். பழைய வயரிலேயே ஓட்டினால் தீ.

ஷாஃப்ட் விட்டமும், ஷாஃப்ட்டில் செருகும் சாவித் துண்டும் புல்லித் துளைக்குச் சேருகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். துளையைப் பெரிதாக்கலாம், பெரிதான துளைக்குப் புஷ் அடிப்பது நிற்காது. மின்விசிறித் தகட்டின் இலைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பழையதோடு ஒப்பிடுங்கள். தலைகீழாகப் போனால் காற்று வராமல் வெந்துவிடும். நட்டை இறுக்கும்போது விசிறி இலைக்குள் ஸ்க்ரூ டிரைவரைச் செருகாமல், பழைய பெல்ட்டைப் புல்லியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

பிராக்கெட்டுக்கும் போல்ட் போகும் ஆல்டர்னேட்டர் காதுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அதை வாஷர் வைத்து நிரப்பிவிட்டுப் போல்ட்டை முறுக்குங்கள். வெறும் முறுக்கால் இழுத்து ஒட்டவைத்தால் அலுமினியக் காது அந்த நேரம் ஒன்றும் சொல்லாது, ஐந்தாவது வளைவில் உடையும். பெல்ட் இறுக்க நெம்பும்போது புல்லிப் பக்க உடலில் பாரை வையுங்கள், பின்மூடியில் வேண்டாம். இரண்டு டிரிப் போய் வந்ததும் மறுபடி இறுக்க வேண்டும், புதுப் பெல்ட் நீளும்.

சீட்டு வெல்டிங், ஃபுட்போர்டு வெல்டிங் என்று பட்டறையில் வண்டியை விட்டால், பேட்டரி வயரோடு ஆல்டர்னேட்டர் வயர்களையும் கழற்றிவிட்டு வாருங்கள். ஒரு முறை சொல்ல மறந்து, புது டயோடு பிளேட் ஒரே மதியத்தில் போனது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

வயர் உறை உருகிய வாசனை வந்தால், கிராங்க் புல்லியே ஆடினால், ரோட்டர் அல்லது ஸ்டேட்டர் சுற்று போயிருந்தால் நாமே நோண்டக் கூடாது. கிராங்க் புல்லி ஆட்டம் என்ஜின் மெக்கானிக்கின் வேலை, எலக்ட்ரீசியனுடையது அல்ல.

சில மினி பஸ்களில் ஆல்டர்னேட்டரின் பின்னால் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் ஒட்டியிருக்கும். அந்த வகையை வீட்டில் கழற்றவே வேண்டாம். எண்ணெய்க் குழாய் வாஷர் ஒன்று தவறினாலும் என்ஜின் ஆயில் கசியும், பிரேக் கல்லாகும். இந்த வண்டிகளில் பெல்ட் அறுந்தால் பிரேக்குக்கு மிஞ்சுவது சில மிதிதான். இறக்கத்தில் ஓட்டிச் சமாளிக்கலாம் என்ற எண்ணமே கூடாது. கீழிருந்து ஆள் வரும்வரை நில்லுங்கள். பெரிய பஸ்களில் ஏர் பிரேக். கம்ப்ரஸர் கியரில் ஓடுகிறதா பெல்ட்டில் ஓடுகிறதா என்று இன்றைக்கே பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: மலையில் சார்ஜ் லைட்டும் டெம்பரேச்சர் முள்ளும் ஒன்றாக எழுகின்றன

பெல்ட் அறுந்துவிட்டது. தண்ணீர் பம்ப்பும் அதில்தான் ஓடுகிறது. வளைவில் நிறுத்தாமல் அடுத்த அகலமான இடத்தில் ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல் அரைமணி நேரம் ஆற விடுங்கள். பிறகு ஸ்பேர் பெல்ட்.

அந்த ஸ்பேர் புதுப் புல்லிக்கு வாங்கியதா? நீளம் தெரியாவிட்டால் ஆல்டர்னேட்டரை அதன் இறுக்கும் பட்டையின் நடுவில் நிறுத்தி, பெல்ட்டின் மேல்பரப்பு வரும் வழியே மூன்று புல்லியையும் சுற்றி நூல் கட்டி அளந்துகொண்டு போய், வெளிச்சுற்று இவ்வளவு என்று கடையில் சொல்லுங்கள். பழைய பெரிய புல்லிக்கு வாங்கியது டூல் பாக்ஸில் கிடந்தால் எடுத்து எறியுங்கள். நான் எறியவில்லை. 14-ஆவது வளைவில் அதை மாட்டி, பட்டையின் கடைசி வரை தள்ளியும் தொங்கியது. மேலேயிருந்து இறங்கிய காய்கறி வண்டியில் ஏறி ஓட்டுநர் அஸ்தம்பட்டி வரை போய் வேறு பெல்ட் வாங்கி வருவதற்குள் இருட்டிவிட்டது.